பசை தடவுவதற்கு முன்

1988 ஏப்ரல் 28 அன்று, ஹவாயில் ஹிலோவிலிருந்து ஹொனலுலுவுக்குக் கிளம்பிய அலோஹா ஏர்லைன்ஸ் போயிங் 737 விமானம் 24,000 அடி உயரத்தை எட்டியபோது, அதன் முன்பகுதிக் கூரை ஏறத்தாழ 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் வெளியே வீசப்பட்டு இறந்தார். விமானிகள் உட்பட 94 பேர் உயிர்பிழைக்க, விமானம் எப்படியோ மாவி தீவில் இறங்கியது. 89,680 முறை ஏறி இறங்கிய விமானம் அது. உலோகச் சோர்வு என்றால் என்ன என்று கற்பிக்கும் வகுப்புகளில் இந்த விபத்து தவறாமல் இடம்பெறும். சோர்வு உண்மைதான், ரிவெட் துளைகளின் ஓரத்தில் வரிசையாக விரிசல்கள் கிளம்பி ஒன்றோடொன்று கைகோத்தன. ஆனால் அந்த ரிவெட்டுகள் அவ்வளவு சுமையைச் சுமந்திருக்கவே கூடாது. 0.9 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் அந்தப் பொருத்தில், கேபின் காற்றழுத்தத்தின் இழுவிசையைக் கடத்த வேண்டியது இடையில் இருந்த எபாக்சிப் பசைதான். அப்படிக் கணக்குப் போட்டுத்தான் தகட்டை மெல்லியதாக வைத்தார்கள். பசை விட்டுப்போனதும் சுமை முழுவதும் ரிவெட்டுகளுக்கு மாறியது. மற்றதைச் சோர்வு பார்த்துக்கொண்டது.

பசை ஏன் விட்டது? தொடக்ககால 737-களில் இந்தப் பொருத்துகளைச் சூடேற்றாமல், அறை வெப்பத்திலேயே ஒட்டினார்கள். எபாக்சியில் தோய்த்த மெல்லிய துணியை உலர்பனிக்கட்டியில் வைத்துப் பாதுகாத்து, வேலை நேரத்தில் எடுத்துத் தகடுகளுக்கு நடுவே வைப்பது முறை. குளிர்ந்த துணியின் மீது காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாகப் படியலாம்; தகட்டின் மேற்பரப்புச் சரியாக அமையாமல் இருக்கலாம்; நேரம் தவறினால் பசை முன்கூட்டியே இறுகத் தொடங்கலாம். விளைவு, ஒரே விமானத்தில் சில இடங்களில் நல்ல பிடிப்பு, சில இடங்களில் பெயருக்கு ஒட்டு, சில இடங்களில் ஒட்டே இல்லை. போயிங் நிறுவனம் 1972-இல் இந்த முறையைக் கைவிட்டது. அதற்குள் 291 விமானங்கள் தயாராகியிருந்தன. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் அவை எல்லாமே நல்ல விமானங்களாகத்தான் தெரிந்தன. இந்தக் கட்டுரையின் வாதம் அந்தத் தோற்றத்தைப் பற்றியது: ஓர் ஒட்டு இன்றைக்கு எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதை வைத்து அது எத்தனை ஆண்டு தாங்கும் என்று சொல்லவே முடியாது. அந்த ஆயுள், பசை தடவுவதற்கு முன் உலோகத்தின் மேற்பரப்பில் என்ன செய்தார்கள் என்பதிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

நெற்றியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஸ்டிக்கர் பொட்டு அன்றைக்கே விழுந்துவிடும். பிசுக்கைத் துடைத்தால் நிற்கும். ஒட்டுவதைப் பற்றி நம் எல்லோருக்கும் இருக்கும் அறிவு இந்த அளவுதான். விமானத்தைப் பொறுத்தவரை இந்த அறிவு பாதிதான் உதவும். அழுக்கும் எண்ணெயும் நீங்க நன்றாகத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்த அலுமினியத்தில் எபாக்சி அன்றைக்கு அபாரமாக ஒட்டும். இழுத்துச் சோதித்தால் விதி கேட்கும் பலத்தைத் தாராளமாகக் காட்டும். ஆனாலும் அதே ஒட்டு, ஈரமும் வெப்பமும் உள்ள ஊரில் சில ஆண்டுகள் பறந்தபின், கையால் உரிக்கும் அளவுக்கு வந்துவிடக்கூடும். சுத்தம் என்பது தேவை. ஆனால் சுத்தம் மட்டும் போதாது என்பதைப் புரிந்துகொள்ள, பசை உண்மையில் எதைப் பற்றிக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும்.

பசை அலுமினியத்தைத் தொடுவதே இல்லை. காற்றுப்பட்ட கணத்திலேயே அலுமினியத்தின் மீது சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் மூடிவிடும். எபாக்சி பற்றிக்கொள்வது அந்தப் படலத்தைத்தான். உலர்ந்த நிலையில் இரண்டுக்கும் இடையேயான ஈர்ப்பு நன்றாகவே இருக்கிறது. சிக்கல் நீரால் வருகிறது. எபாக்சியைவிட நீரின் மீதுதான் ஆக்சைடுக்கு மோகம் அதிகம். எபாக்சியையும் அலுமினிய ஆக்சைடையும் பிரிக்கத் தேவைப்படும் வெப்ப இயக்கவியல் ஆற்றல், உலர்ந்த நிலையில் சதுர மீட்டருக்கு 232 மில்லிஜூல் என்றும், நீர் சூழ்ந்த நிலையில் அது -137 ஆகிறது என்றும் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஏ. ஜே. கின்லாக் தரும் கணக்கு சொல்கிறது. அந்தக் கழித்தல் குறியில்தான் விஷயம் இருக்கிறது: நீர் வந்துவிட்டால் பசையை ஆக்சைடிலிருந்து யாரும் பிய்க்க வேண்டியதில்லை, தானாகவே பிரிந்துபோவதுதான் இயற்கைக்கு லாபம். இதோடும் நிற்பதில்லை. வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்தால் அந்த ஆக்சைடே நீரை உள்ளிழுத்து, முதலில் போமைட் வகையாகவும் பிறகு பேயரைட் என்ற ஹைட்ராக்சைடாகவும் மாறிவிடுகிறது. புதிதாக உருவாகும் இந்தப் பொருள் பருமனில் பெரிது, பிடிப்பில் பலவீனமானது. அடியில் உள்ள உலோகத்தோடு அதற்கு ஒட்டுறவும் குறைவு. அமெரிக்காவில் மார்ட்டின் மாரியட்டா ஆய்வகத்தில் ஜே. டி. வெனபிள்ஸும் கூட்டாளிகளும் 1970-களின் பிற்பகுதியில் மின்னணு நுண்ணோக்கியின் கீழ் இதைக் காட்டினார்கள். பசை கெடவில்லை, உலோகமும் உடையவில்லை. இரண்டுக்கும் நடுவே இருந்த தளமே வேறு பொருளாகிவிட்டது.

நீர் உள்ளே எப்படிப் போகிறது என்று கேட்கலாம். பசை பிளாஸ்டிக்தானே, தண்ணீரைத் தடுக்காதா? தடுக்காது. விமானத்தில் பயன்படும் எபாக்சிகள் தம் எடையில் சில சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஓரங்களிலிருந்து உள்நோக்கி ஈரம் ஊர்ந்து செல்கிறது. ஓராண்டில் சில மில்லிமீட்டர் என்ற வேகம். இந்த மந்தம்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. ஒட்டிய மறுநாள் செய்யும் இழுவைச் சோதனைக்கு ஈரம் வந்து சேர்ந்திருக்காது. அது சோதிப்பது பசையின் பலத்தை மட்டுமே. மேற்பரப்பின் தலையெழுத்தை அது தொடுவதே இல்லை. ஆனால் பொருத்தில் அழுத்தம் மிகுதியாகக் குவிவதும் அதே ஓரங்களில்தான். ஆக, ஈரம் முதலில் வரும் இடமும் சுமை அதிகமாகப் பிசையும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. பலமான பசையை வாங்கினால் சரியாகிவிடும் என்ற யோசனை இங்கே எடுபடாது. அடித்தளம் மாவாகும்போது மேலே எந்தப் பசை இருந்தால் என்ன?

இதைக் கண்டுபிடிக்க மலிவான ஒரு சோதனை உண்டு. போயிங் பொறியாளர்கள் உருவாக்கியதால் அந்நிறுவனத்தின் பெயரிலேயே வழங்கும் ஆப்புச் சோதனை. மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு அலுமினியப் பட்டைகளை, பழுதுபார்க்கும் பாகத்துக்குச் செய்த அதே மேற்பரப்புத் தயாரிப்போடு ஒட்டுவார்கள். ஒரு முனையில் சிறு உலோக ஆப்பை அடித்து நுழைத்தால் ஒட்டு சற்றுப் பிளந்து, விரிசல் ஓரிடத்தில் நிற்கும். அந்த இடத்தில் கீறி அடையாளமிட்டு, ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ் வெப்பமும் ஈரம் நிறைந்த காற்றும் உள்ள பெட்டியில் வைக்கிறார்கள். ஆப்பு இடைவிடாமல் பிளந்துகொண்டே இருக்க, விரிசல் முனையில் ஈரம் நேரடியாக வேலை செய்கிறது. ஆண்டுக்கணக்கில் நடக்கவேண்டியது ஒரு நாளில் வெளிப்பட்டுவிடுகிறது. பிறகு பட்டைகளை முழுதாகப் பிளந்து உள்ளே பார்க்க வேண்டும். இரு பக்கமும் பசை படிந்திருந்தால் பிளவு பசைக்குள்ளேயே ஓடியிருக்கிறது, தயாரிப்பு நன்று. ஒரு பக்கம் பளிச்சென்று வெறும் உலோகம் தெரிந்தால், விரிசல் எத்தனை மில்லிமீட்டர் ஓடியது என்று அளக்கவே தேவையில்லை. அந்தத் தயாரிப்பு தோற்றுவிட்டது. உப்புத்தாளால் தேய்த்துக் கரைப்பானால் துடைத்த பட்டைகள் இழுவைச் சோதனையில் ஜெயித்து, இங்கே வந்து மண்ணைக் கவ்வுவது வழக்கமான காட்சி.

ஒட்டிய பிறகு கருவி வைத்துப் பார்த்துக்கொள்ளலாமே என்பது அடுத்த ஆட்சேபம், நியாயமான ஆட்சேபமும்கூட. நாணயம் அல்லது சிறு சுத்தியலால் தட்டி ஓசை கேட்பதிலிருந்து மீயொலி வரை முறைகள் பல இருக்கின்றன. அவை அனைத்தும் கண்டுபிடிப்பது இடைவெளியைத்தான்: காற்றுக்குமிழி, விட்டுப்போன பகுதி, தேன்கூடு போன்ற உள்ளமைப்பில் நீர் தேங்கிய அறை. இரண்டு பரப்புகள் நெருங்கித் தொட்டுக்கொண்டு, ஆனால் பிடிப்பே இல்லாமல் இருந்தால், ஒலி அலை தங்குதடையின்றிக் கடந்துபோகும். திரையில் அது நல்ல ஒட்டாகவே தெரியும். பிடிப்பின் பலத்தை, பாகத்தை உடைக்காமல் அளந்து சொல்லும் நம்பகமான கருவி பணிமனைப் புழக்கத்தில் இன்னும் இல்லை. லேசர் அதிர்வலையால் குறிப்பிட்ட அளவு இழுத்துப் பார்க்கும் முறை நம்பிக்கை தருகிறது, ஆனால் ஓடுபாதை ஓரத்துப் பழுதுக்கு அதைக் கொண்டுபோக முடியாது. அதனால் ஆய்வு என்பது ஒட்டு விட்டுப்போனதைச் சொல்லும், விடப்போவதைச் சொல்லாது. அலோஹா விமானத்தையும் சோதித்துத்தான் பறக்கவிட்டார்கள். விட்டுப்போன பகுதிகளைக்கூட அந்தச் சோதனைகள் பிடிக்கவில்லை.

சரியான தயாரிப்பு என்ன செய்கிறது? தொழிற்சாலையில் இதற்குச் சிறந்த விடை பாஸ்பாரிக் அமில அனோடைசிங். பத்துச் சதவீதம் சொச்சம் பாஸ்பாரிக் அமிலம் உள்ள தொட்டியில் பாகத்தை முக்கி, 10 வோல்ட் மின்னழுத்தம் கொடுத்து, இருபது நிமிடம் போல விட்டால், அலுமினியத்தின் மீது சுமார் 400 நானோமீட்டர் தடிமனில் புது ஆக்சைடு வளர்கிறது. அதில் 40 நானோமீட்டர் அகலத்தில் துளைகள். துளைகளின் விளிம்பிலிருந்து நுண்ணிய மயிர்களைப் போல நீட்டங்கள். பசைக்கு முன் பூசும் திரவப் பிரைமர் இந்தத் துளைகளுக்குள் இறங்கி இறுகும்போது பசையும் ஆக்சைடும் பின்னிக்கொள்கின்றன. அதைவிட முக்கியமானது, கண்ணுக்குத் தெரியாத வேதியியல்: மேற்பரப்பில் மெல்லிய பாஸ்பேட் அடுக்கு படிந்து, ஆக்சைடு நீரேறி மாறுவதை வெகுவாகத் தாமதப்படுத்துகிறது. 1970-களின் நடுவில் அமெரிக்க விமானப்படை தொடங்கிய பாப்ஸ்ட் திட்டத்தில், மெக்டொனல் டக்ளஸ் நிறுவனம் இந்த முறையில் பசையால் பொருத்திய முழு அளவு உடற்பகுதி ஒன்றைக் கட்டிச் சோதித்தது. அதற்கு முந்தைய பத்தாண்டில் அமெரிக்க விமானங்களில் ஒட்டுகள் அடிக்கடி விட்டு, பசை என்றாலே முகம் சுளிக்கும் நிலை இருந்தது. ஐரோப்பாவில் ரீடக்ஸ் பசையோடு குரோமிக் அமில முறைகளைப் பின்பற்றிய போக்கர் எஃப்-27 போன்ற விமானங்கள் இதே காலத்தில் ஒட்டுகளோடு நன்றாகவே பறந்துகொண்டிருந்தன. இந்த ஒப்பீட்டில் வாதத்துக்குத் தேவையான சாட்சியம் இருக்கிறது.

பழுதுபார்ப்பவருக்கு இந்தத் தொட்டி வசதி இல்லை. சேவையில் இருக்கும் விமானத்தின் இறக்கையைக் கழற்றித் தொட்டியில் முக்க முடியாது. அமிலம் கசிந்து அருகிலுள்ள உயர்வலு எஃகுத் திருகாணிகளைத் தொட்டால், அவை ஹைட்ரஜனை உறிஞ்சி முறியும் அபாயமும் உண்டு. இந்த நெருக்கடிக்கு மிக நேர்த்தியான விடை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. மெல்போர்னில் இருந்த அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் ஆலன் பேக்கரும் சகாக்களும் 1970-களிலிருந்து, விரிசல் விட்ட இறக்கைகளின்மீது போரான் இழையும் எபாக்சியும் சேர்ந்த துண்டுகளை ஒட்டிப் பழுதுபார்த்தார்கள். ஹெர்குலிஸ் சரக்கு விமானங்களும் மிராஜ் போர் விமானங்களும் இப்படி ஒட்டுப்போட்டுப் பறந்தன. அவர்கள் செம்மைப்படுத்திய முறையின் ஒவ்வொரு படியும் ஒரு குறிப்பிட்ட எதிரியைக் குறிவைக்கிறது. முதலில் கரைப்பானால் துடைத்தல்: கரைப்பான் காய்வதற்குள் புதுத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், இல்லையென்றால் கரைந்த எண்ணெய் மறுபடி அதே இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்துகொள்ளும். பிறகு நீரை ஊற்றிப் பார்ப்பது: நீர் முத்து முத்தாகத் திரளாமல் ஒரே படலமாக நின்றால் எண்ணெய் இல்லை. அடுத்து 50 மைக்ரான் அலுமினாத் துகளை வீசி மேற்பரப்பைப் புதிதாக்குவது. இதற்குச் சாதாரண அமுக்கக் காற்று கூடாது, கம்ப்ரஸர் எண்ணெயும் ஈரமும் அதில் கலந்திருக்கும். உலர் நைட்ரஜன்தான் சரி. கடைசியாக, நீரில் ஒரு சதவீதம் எபாக்சி சிலேன் கலந்து, ஒரு மணி நேரம் போலக் கலக்கிவிட்ட கரைசலால் பத்துப் பதினைந்து நிமிடம் அந்த இடத்தை நனைத்தே வைத்திருந்து, சூடேற்றி உலர்த்துவது. சிலேன் மூலக்கூறின் ஒரு முனை ஆக்சைடோடு வேதிப்பிணைப்புக் கொள்கிறது. மறு முனை எபாக்சியோடு. நடுவில் நீர் வந்து உட்கார இடம் வெகுவாகக் குறைகிறது. பின்னர் போயிங் உருவாக்கிய சிர்கோனியம் கலந்த சோல்-ஜெல் முறையும் இதே தர்க்கத்தில் இயங்குகிறது.

இந்தப் பட்டியலில் நீர்ப்படலச் சோதனையைப் பற்றித் தனியே ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பணிமனைகளில் அதை ஒரு தேர்ச்சிச் சான்றிதழாகவே பாவிக்கிறார்கள். அது எண்ணெய்ப் பிசுக்கைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவே. உப்புத்தாளால் மட்டும் தேய்த்த தகடும் அதில் முதல் வகுப்பில் தேறிவிடும். அந்த ஆக்சைடு நாளை நீரேறி மாறுமா என்ற கேள்வி அதன் பாடத்திட்டத்திலேயே இல்லை. ஆஸ்திரேலிய விமானப்படை 1990-களின் தொடக்கத்தில் தன் பணிமனைகளில் சிலேன் முறையைப் புகுத்தியபோது, அதற்கு முன் திரும்பத் திரும்ப விட்டுப்போன ஒட்டுகளின் தொல்லை பெருமளவு அடங்கியது. பசை மாறியதால் வந்த மாற்றம் என்று இதைச் சொல்ல முடியாது. கையேட்டில் மாறியது முக்கியமாகப் பசைக்கு முந்தைய பக்கங்கள்தான்.

இவ்வளவு பாடு எதற்கு, பேசாமல் ரிவெட் அடித்துவிடலாமே என்பவர்கள் உண்டு. ரிவெட்டைக் கண்ணால் பார்க்கலாம், எண்ணலாம், மாற்றலாம். அதன் மீதுள்ள நம்பிக்கை புரிந்துகொள்ளத்தக்கது. ஆனால் ஒவ்வொரு ரிவெட்டுக்கும் ஒரு துளை வேண்டும். தகட்டில் இட்ட வட்டத் துளையின் விளிம்பில் அழுத்தம் சராசரியைப்போல மூன்று மடங்கு ஏறும். விரிசலை அடைக்க, அதைச் சுற்றி இருபது புதிய விரிசல் வாசல்களைத் திறந்துவைப்பது எந்த ஊர் நியாயம்? 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப்படையின் சி-141 போக்குவரத்து விமானங்களின் இறக்கைகளுக்குள், எரிபொருள் வடியவிட்ட சிறு துளைகளில் விரிசல் கண்டபோது, துளையிடாமல் போரான் துண்டுகளை ஒட்டியே பலவற்றைக் காப்பாற்றினார்கள். ஒட்டிய துண்டு சுமையைப் பரப்பு முழுவதும் பகிர்ந்து வாங்குகிறது. விரிசலின் முனையில் இழுவிசை குறைந்து, அது வளர்வது நின்றுவிடுகிறது அல்லது தவழ ஆரம்பிக்கிறது. அலோஹா சம்பவத்தைப் பசைக்கு எதிரான சாட்சியாகக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சரியாக ஒட்டாத பசை விட்ட இடத்தில், துளையிட்ட ரிவெட் வரிசைதான் கடைசியில் கிழிந்தது.

கார்பன் இழை விமானங்கள் வந்த பிறகு இந்தக் கவலையெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே ஆக்சைடு இல்லை, உண்மை. சிக்கல் உருமாறி நிற்கிறது. அச்சிலிருந்து பாகம் எளிதாகக் கழல்வதற்காகத் தடவும் சிலிக்கோன் மேற்பரப்பில் தங்கிவிட்டால் எபாக்சி அதன்மீது பிடிக்காது. அது கண்ணுக்கும் தெரியாது. மேற்பரப்பைக் காக்கப் போர்த்தி, ஒட்டும் முன் உரித்தெடுக்கும் துணி நைலானா பாலியெஸ்டரா என்பதைப் பொறுத்துக்கூட ஒரே பசை ஒன்றில் நன்றாகப் பிடித்து மற்றொன்றில் தோற்றதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல ஆண்டு பறந்த கார்பன் பாகம் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். உலர்த்தாமல் சூடேற்றி ஒட்டினால் அந்த ஈரம் ஆவியாகிப் பசைக்குள் குமிழிகளாகும். அலுமினியத் தேன்கூட்டுப் பலகைகளில் தேங்கிய நீர், பழுதுபார்க்கும் வெப்பத்தில் நீராவியாகி மேல்தகட்டையே ஊதிப் பிளந்த நிகழ்வுகளும் உண்டு. பொருள் மாறினாலும், பசை தடவும் முன் செய்யவேண்டியதைச் செய்யாவிட்டால் கிடைக்கும் கூலி மாறவில்லை.

விமானப் பாதுகாப்பு அமைப்புகள் இதை எப்படிப் பார்க்கின்றன என்பதில் ஒரு முரண் தெரியும். செயல்முறை ஒழுங்காக இருந்தால் ஒட்டு நிலைக்கும் என்பதை அவை ஏற்கின்றன. ஆனாலும் முழுதாக நம்புவதில்லை. ஓர் ஒட்டு விட்டால் விமானமே விழும் என்ற இடங்களுக்கு, அமெரிக்க விமான நிர்வாகம் மூன்று வழிகளில் ஒன்றைக் கேட்கிறது: ஒட்டு விட்டாலும் அது பரவாமல் நிறுத்தும் அமைப்பு வேண்டும், அல்லது ஒவ்வொரு பாகத்தையும் சுமை ஏற்றி நிரூபிக்க வேண்டும், அல்லது ஒட்டின் பலத்தை உடைக்காமல் அளக்கும் நம்பகமான சோதனை வேண்டும். மூன்றாவது வழி இன்றைக்கு நடைமுறையில் இல்லை. இரண்டாவது, பறக்கும் விமானத்தில் போட்ட ஒட்டுக்குச் செய்வது பெரும்பாடு. மிஞ்சுவது முதலாவது. அதனால்தான் ஒட்டுப்போட்ட துண்டு முழுதாக விழுந்துபோனாலும் விமானம் குறிப்பிட்ட சுமையைத் தாங்கும் அளவுக்கே பழுதின் பரப்பை அனுமதிக்கிறார்கள். இதைப் பசையின்மீதான அவநம்பிக்கை என்று சில பொறியாளர்கள் குறைப்படுவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பார்க்க முடியாத ஒன்றை அளந்துவிட்டதாகப் பாவனை செய்யாமல் இருப்பது நல்ல பொறியியல்.

ஆனால் அந்த எச்சரிக்கை, மேற்பரப்புத் தயாரிப்பில் அசிரத்தையாக இருக்க அனுமதிச் சீட்டாகிவிடக் கூடாது. தாங்கும் அமைப்பு இருக்கிறது என்பதற்காக இரண்டாண்டுக்கு ஒருமுறை அதே ஒட்டை உரித்து மறுபடி ஒட்டும் பணிமனைகள், பணத்தையும் விமானத்தின் பறக்கும் நாட்களையும் வீணாக்குகின்றன. உரித்த துண்டின் அடியில் பளிச்சென்று வெறும் உலோகம் தெரியும்போது, பதிவேட்டில் காரணம் ‘பழமை’ என்று எழுதப்படுமானால் அந்தப் பதிவேட்டால் யாருக்கும் பயனில்லை. அங்கே எழுதவேண்டியது, தயாரிப்பு தோற்றது என்பதுதான். ஆப்புச் சோதனைக்கு வேண்டியது இரண்டு அலுமினியப் பட்டைகள், ஓர் ஆப்பு, ஈரம் நிறைந்த வெப்பப் பெட்டி, ஒரு நாள். தங்கள் செயல்முறையையும் அதைக் கையாளும் ஆட்களையும் இந்தச் சோதனையில் நிறுத்திப் பார்க்காத எந்தப் பணிமனைக்கும் சுமை தாங்கும் ஒட்டுவேலைக்கான உரிமம் தரக் கூடாது.